ஈரத்தில் உரியாத லேபிள்

அந்த மலையில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிட்டால் காலை எது, மதியம் எது என்று ஒன்றும் புரியாது. எதிரே வருகிறவர் முதலில் இருமலாகத்தான் வருவார். ஆள் அப்புறம் தெரிவார். மலையில் எல்லாருக்கும் இருமல் உண்டு. அங்கே இருந்த ஆசிரமத்தில் அதற்கு ஒரு மருந்தும் உண்டு.

குரு என்றதும் தாடியை நினைத்துக்கொண்டு மலையேறுகிறவர்களுக்கு நல்ல ஏமாற்றம்தான். குருவின் பெயர் சொர்ணம். வயது நாற்பதைத் தொடவில்லை. சீடர் காளிராஜனுக்குத் தலை முழுக்க நரை. சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருந்து, அதை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்களுக்குக் கிடையாது.

மருந்து பாட்டில்களில் அதுவரை கஞ்சி தடவிய காகிதம்தான். மஞ்சு பட்டால் ஊறும். ஊறினால் வழுக்கிக்கொண்டு விழும். அலமாரியில் பாதிப் பாட்டில்கள் பெயரில்லாமல் நிற்கும்.

காளிராஜனுக்கு அது பொறுக்கவில்லை.

"தொழில் தெரிஞ்சவன் ஒருத்தன் இங்க கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். பாட்டிலுக்குப் பேரில்லைன்னா எனக்குல்ல கேவலம்?"

"அப்ப கண்ணைத் திறந்துக்கிட்டே செய்ங்க, அண்ணாச்சி."

மனுஷர் எடுத்த எடுப்பில் காகிதத்துக்குப் போய்விடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். வீடு வீடாகப் போனார். பாட்டிலை எங்கே வைக்கிறீர்கள், அடுப்புப் பக்கமா, ஜன்னலா, எந்தக் கையால் எடுக்கிறீர்கள், அந்தக் கையில் எண்ணெய் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே போனார். பெண்கள் சிரித்தார்கள். அவர் விடவில்லை.

"கேக்காம இந்தப் பேப்பர்தான்னு சொல்றவன் பிரஸ்காரனே இல்லைம்மா," என்றார் திரும்பி வந்து. "எங்க பாத்தாலும் ஈரம், காகிதம் ஆகாது. பிளாஸ்டிக் பிலிம்தான். கண்ணாடி சில்லுன்னு கிடக்கு, சாதாப் பசை பிடிக்காது. வெயில்ல வைக்கிறாங்க, மை வெளுக்கக் கூடாது."

மகனுடைய பிரஸ்ஸிலிருந்து லேபிள் சுருள் சுருளாக வந்து இறங்கியது. வெள்ளைப் பிலிமில் பச்சை எழுத்து. இருமல் மருந்து என்று பெரிதாக, வழுவழுவென்று இருந்தது.

குரு ஒரு பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகா இருக்கு."

"அழகை விடுங்க. தண்ணியில ஊறப் போடுங்க, எண்ணெயில முக்குங்க, நகத்தால சுரண்டுங்க. அசையாது."

குரு சுரண்டிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு பேருக்குமே சந்தோஷம். அதில் மறைக்க என்ன இருக்கிறது.

அப்புறம் நாட்கள் எப்படிப் போயின என்று தெரியவில்லை. மழை வந்தது, போனது. மஞ்சு ஏறியது, இறங்கியது. மஞ்சுக்குள் எந்த வீட்டைத் தாண்டினாலும் ஜன்னல் தெரியாது, பாட்டில் தெரியாது, பச்சை எழுத்து மட்டும் தனியாக மிதக்கும். காளிராஜன் அதைப் பார்ப்பதற்கென்றே நடக்கப் போவார். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டு, கனவில் நடக்கிறவர் மாதிரி திரும்பி வருவார்.

ஒரு நாள் பேச்சியம்மாள் வந்தாள். பக்கத்துச் சரிவில் அவரைத் தோட்டம் போட்டிருப்பவள். முந்தானையில் சுற்றி எடுத்துவந்த பாட்டிலை வாசல்படியில் வைத்தாள்.

"வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில போட்டிருக்கு," என்றாள்.

"என்ன தாயி ஆச்சு?" என்றார் காளிராஜன்.

"மருந்து தீந்துபோச்சு. பாட்டில் நல்லா இருக்கேன்னு அவரைச் செடிக்கு அடிக்கிற பூச்சி மருந்தை அதுல ஊத்தினேன். பேரைக் கிழிச்சிரலாம்னுதான் பாத்தேன். அரிவாள் நுனியால சுரண்டிக்கூட வரலை. சரி, எட்டத்துல தானே வைக்கிறோம்னு விட்டுட்டேன்." அவள் பாட்டிலைப் படியில் இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள். "விடியக்காலம் அவருக்கு இருமல் முட்டிக்கிருச்சு. படிக்கத் தெரிஞ்ச மனுஷன். எழுத்தைப் பாத்துட்டுக் குடிச்சிருக்காரு."

காளிராஜன் குனிந்து பாட்டிலில் இருந்த எழுத்தைப் பார்த்தார்.

"உசுரு?" என்றார் குரு.

"இருக்கு. தங்குமான்னு இப்ப சொல்ல முடியாதுங்கிறாங்க."

சண்டை போட வந்தவள் இல்லை அவள். அந்தப் பாட்டிலை வீட்டில் வைக்கவும் பயம், கண்ட இடத்தில் எறியவும் பயம். அதனால் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு இறங்கப் போனாள். காளிராஜன் செருப்பைக்கூட மாட்டாமல் அவள் பின்னால் இறங்கினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காளிராஜன் சுவரோரமாகவே கிடந்தார். சாமி கும்பிட்டாரா, சாமியைத் திட்டினாரா, அவருக்கே தெரியாது. கடைசியில் பேச்சியம்மாளின் புருஷன் சடையாண்டி பிழைத்துக்கொண்டார். தொண்டையில் குழாய் விட்டதில் குரல் மட்டும் போயிருந்தது. வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

காளிராஜன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்தப் பேரை ஒட்டினது நான்தான்யா," என்றார்.

சடையாண்டி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலை ஒதுக்கி, கட்டிலில் உட்காரச் சொல்லித் தட்டிக் காட்டினார். பேச்சியம்மாள் வாங்கி வைத்திருந்த பன்னைப் பிய்த்து ஒரு பாதியை நீட்டினார்.

வைதிருந்தால் தேவலை. கையை ஓங்கியிருந்தால் இன்னும் தேவலை. பாதிப் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? காளிராஜனால் அதைத் தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

மலையேறி வந்ததும் அவர் ஆசிரமத்துக்குள் நுழையவில்லை. வீடு வீடாகப் போய்ப் பாட்டில்களை வாங்கிச் சாக்கில் கட்டினார். ஓடையோரம் கொண்டுபோய்க் கொட்டி, ஒவ்வொன்றாகக் கல்லால் தேய்க்க ஆரம்பித்தார். அவருடைய சரக்கு லேசில் வருமா? பிலிம் நார் நாராக வந்தது. பசை அங்கேயே நின்றது. நகக்கண்ணில் ரத்தம் கட்டியது.

மஞ்சு இறங்கி ஓடையை மூடிவிட்டது. தண்ணீர் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. கிழிந்த பச்சை எழுத்துகள் அந்த வெள்ளைக்குள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. பக்கத்தில் இன்னொரு கல் தேய்க்கிற சத்தம் எப்போது சேர்ந்தது என்று காளிராஜன் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் குரு.

"நீங்க எதுக்கும்மா?"

"நானும்தானே அழகா இருக்குன்னேன்."

இரண்டு பேரும் தேய்த்தார்கள்.

"எல்லாம் கேட்டேன்மா," என்றார் காளிராஜன். "ஈரமான்னு கேட்டேன். வெயிலான்னு கேட்டேன். எந்தக் கைன்னுகூடக் கேட்டேன். தீந்த பாட்டில்ல என்ன ஊத்துவீங்கன்னு மட்டும் கேக்கலை." அழுதுவிட்டார். அந்த வயதில் ஒருவர் அழுவதைப் பக்கத்தில் இருந்து கேட்பது கஷ்டம். குரு எழுந்து போகவில்லை.

"அந்த மனுஷன் எனக்குப் பன்னைப் பிச்சுக் குடுக்கிறாரு. நான் யாருன்னு புரியாம குடுத்திருப்பாரு."

"நீங்கதான் சொன்னீங்களே, அண்ணாச்சி. புரிஞ்சுதான் குடுத்திருப்பாரு."

காளிராஜன் தலையை ஆட்டினார். அவரால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"நான் இந்த மலையில இருக்கணும்னா ஒண்ணு செய்ங்க. இல்லைன்னா இப்பவே இறங்கிருதேன். என் நெத்தியில ஒரு பேரை ஒட்டிருங்க. ஒரு உசுரை எடுக்கப் பாத்தவன்னு. வர்றவங்க போறவங்க எல்லாரும் படிக்கட்டும். விளையாட்டுக்குச் சொல்லலைம்மா, நிசமாத்தான் கேக்கேன்."

குரு கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். அந்தக் கையைக் காளிராஜன் நெற்றியில் வைத்து, அங்கேயே வைத்திருந்தார்.

"ஒட்டலாம், அண்ணாச்சி," என்றார். "எது வரைக்கும் இருக்கணும்னு சொல்லுங்க. அதுக்குத் தக்கன காகிதம் எடுப்போம்."