சாம்பல் கோடு

“மூன்று காவல், மூன்று முறை! இன்னும் என்ன சாட்சி வேண்டும், அம்மா?”

களத்திலிருந்து நேராக வந்த வேலப்பன் கால்கூடக் கழுவவில்லை. மடத்துத் தலைவி வடிவம்மை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மூன்று முறை?”

“கோடு கலைந்தது. மூன்று முறையும் சுடலை காவலிருந்த நாள். ஒரே மாதிரி மூன்று தடவை நடந்தால் அது தற்செயலா?”

களத்தில் காயும் நெல்லைக் குவித்து, திருட்டுப் பயம் இருந்தால் அதன்மேல் சாம்பலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு கைப்பிடி அள்ளினாலும் கோடு அறுந்துவிடும். மடத்தில் அந்த வேலை வேலப்பனுடையது.

சுடலை மடத்துக்குப் படிக்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மலையடிவாரத்தில் கரிமூட்டம் போடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளை. அவன் குலத்தில் ஏடு தொட்ட முதல் ஆள்.

“அவனைக் கேட்டாயா?”

“கேட்டேனே. நெல் தானாகச் சரிகிறதாம்! ‘நெல்லுக்குக் கால் முளைத்துவிட்டதோ?’ என்றேன். மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டேன்.”

சுடலை துணிமூட்டையோடு வாசலில் நின்றான்.

“அவிழ்த்துப் பாருங்க சாமி,” என்றான். “ஒரு மணி நெல் இருந்தா என் கையை வெட்டுங்க.”

“விற்றது மூட்டையில் இருக்குமா?” என்று சீறினான் வேலப்பன்.

வடிவம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

“மற்றவர்கள் காவலிருந்த நாளில் கோடு கலையவில்லையா?”

“மற்ற நாளில் நான் எதற்குக் கோடு போடுகிறேன்? அவர்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவர்கள்.”

வடிவம்மை எழுந்தார்.

“சுடலை போவதென்றால் நாளை மாலை போகட்டும். நாளைக்குக் கோட்டையும் நீ போடு. காவலுக்கும் நீயே இரு.”

வேலப்பன் விருட்டென்று வெளியே நடந்தான். திருடனை நிழலில் உட்காரவைத்துவிட்டு யோக்கியனை வெயிலுக்கு அனுப்புகிற நியாயம் எந்த ஊரில் இருக்கிறது?

மறுநாள் விடிந்ததும் கோடு போட்டான். ஒரு பிசிறில்லாமல் போட்டான். குவியலுக்கு எதிரே கல்போல உட்கார்ந்தான். சோறு வந்தது, தொடவில்லை. காக்கை வந்தது, கல்லெறிந்தான்.

உச்சிவெயில் ஏறியது. நெல் காய்ந்து மொரமொரத்தது.

சரசரவென்று ஒரு சத்தம்.

குவியலின் உச்சியிலிருந்து ஒரு கைப்பிடி நெல் வழுக்கி இறங்கியது. கோடு இரண்டாக அறுந்தது.

வேலப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஆளில்லை. காற்றுகூட இல்லை.

சாம்பல் சட்டி பக்கத்திலேயே இருந்தது. கையை விட்டான். ஒரு பிடி அள்ளினான். கை குவியல்வரை போயிற்று.

பிறகு சாம்பலைச் சட்டியிலேயே கொட்டினான்.

மாலையில் வடிவம்மை முன்னால் மூச்சிரைக்க வந்து நின்றான்.

“அம்மா, ஒரு குருவிகூட அண்டவில்லை. நான் கண் இமைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நெல் தானாக...”

சட்டென்று வாசல் பக்கம் திரும்பினான்.

வாசலில் சுடலை அதே மூட்டையோடு நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

“ம், தானாக?” என்றார் வடிவம்மை. “எனக்குக் கேட்கிறது. அவனுக்குக் கேட்கும்படி சொல்.”