தேர்ச்சி விகிதம்

மலையடிவாரத்து மடத்தில் குரு தனியாக இருந்தார். கூட இருந்தவர்கள் டவுன் மடங்களுக்குப் போய்விட்டார்கள். ஞாயிறுதோறும் வருகிற ஒரே சீடர் தணிகாசலம். ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். குருவைவிட வயதில் மூத்தவர்.

அன்று ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன் அருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வண்டிக்குக் காவலா ஹெச்.எம்.? உள்ளே வாரும்."

வந்து உட்கார்ந்தார்.

"சாமி, பத்தாம் வகுப்பில் பதினோரு பேர். பேச்சியம்மாள் என்று ஒருத்தி மட்டும் தேறமாட்டாள். பரீட்சைக்குப் பெயர் அனுப்ப நாளைதான் கடைசி. காலையிலேயே அவளுக்கு டி.சி. கொடுத்துவிட்டால் நூறு சதவீதம்."

"நூறு வந்தால்?"

"பள்ளி பிழைக்கும். போன வருஷம் ஒருத்தன் ஃபெயில். ஜூன் மாதம் தனியார் பள்ளி வேன் எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. இப்போது ஆறாம் வகுப்பில் நாலு பிள்ளைகள். இன்னொரு தடவை என்றால் பூட்டிவிடுவார்கள்."

"படிப்பே வரவில்லையா?"

"கணக்கு வராது. தப்பாகப் போட்டதை அழித்துவிட்டு, அதன்மேல் ஒரு பூ வரைந்து வைப்பாள்."

குரு சிரித்தார். "அவளிடம் சொல்லியாயிற்றா?"

"சொன்னேன்." தணிகாசலம் தரையைப் பார்த்தார். "'பரீட்சை எழுதல சார். கிளாஸ்ல சும்மா உக்காந்துக்கிடுதேன். வீட்ல பகல்ல யாருமே கிடையாது சார்' என்கிறாள்."

வெளியே காற்றில் கதவு ஒருமுறை அடித்துக்கொண்டது. குரு எழுந்து போய், கதவு அடிக்காதபடி ஒரு கல்லை நகர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

"இந்த மடத்தில் எத்தனை சீடர்கள்?"

"நான் ஒருவன்தான் சாமி."

"கண்ணை மூடி உட்காரச் சொன்னால் என்ன செய்கிறீர்?"

"தூங்கிவிடுகிறேன்."

"குறட்டையை விட்டுவிட்டீரே."

"குறட்டையும் விடுகிறேன்."

"சரி. என் தேர்ச்சி விகிதம் எவ்வளவு?"

தணிகாசலம் தயங்கினார். "பூஜ்யம், சாமி."

குரு தலையசைத்தார். இரண்டு தட்டுகளை எடுத்து வைத்துக் கஞ்சியை ஊற்றினார். ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார்.

"போன ஆடியில் நீர் காய்ச்சலில் கிடந்தீரே," என்றார். "அந்த மாதம் முழுக்க இங்கே ஒருவர்கூடத் தோற்கவில்லை."