பாதிப் பாட்டு

காரைக்காலில் ஜுலேகா என்றொரு குரு இருந்தாள். அவளிடம் பாடக் கற்றுக்கொள்ள முடியாது, கேட்கத்தான் கற்கலாம். கப்பலில் வேலை பார்த்த அவள் தகப்பனார் போன நாடுகளிலெல்லாம் வாங்கி வந்த இசைத்தட்டுகள் மாடி அறை முழுக்க இருந்தன. மத்தியான வேளையில் அங்கே போய் உட்கார்ந்தால், எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

அவளைவிட இருபது வயது மூத்த பஞ்சாபகேசன் ஒருநாள் சிஷ்யராக வந்து சேர்ந்தார். கச்சேரி வித்வான். கொஞ்சம் கர்வி. அன்றைக்கு என்னவோ முகம் வாடிக் கிடந்தது.

"என் மாட்டுப்பொண்ணுக்கு ஆப்பிரிக்கா, மாலி தேசம். கைக்குழந்தையோட வந்திருக்கா. குழந்தையைத் தூங்கப் பண்ண ஒரு பாட்டு பாடினா பாருங்கோ, சொக்கிப் போயிட்டேன். 'அடடா, இது நம்ம சுத்த தன்யாசி ராகமாச்சே'ன்னேன். சட்டுனு நிறுத்திட்டா. அப்புறம் நான் இருக்கற இடத்துல வாயே திறக்கறதில்லை."

"அதுக்கு?"

"அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பறா. அதுக்குள்ள அவ பாடி ஒரு தடவை கேட்டுடணும்மா. அவா ஊர் சங்கீதம் பூராவும் எனக்குச் சொல்லிக் குடுங்கோ."

ஜுலேகா மாலி நாட்டுத் தட்டைச் சுழலவிட்டாள். கம்பிவாத்தியம் ஒன்று தூக்கத்தில் பேசுவதுபோல மெல்ல ஆரம்பித்தது. பஞ்சாபகேசனின் கண்கள் செருகின. கை தானாகத் தொடையில் தாளம் போட்டது.

"சுத்த தன்யாசியேதான்!"

ஜுலேகா தட்டிலிருந்து முள்ளைத் தூக்கிவிட்டாள்; பாட்டு நின்றது.

அடுத்து ஒரு சீனத்துக் குழல். ஜன்னல் திரை அசைந்தது. வெயில் காலத்து அறைக்குள் எங்கிருந்தோ பனி வந்து இறங்கியது.

"மோகனம்!"

முள் மறுபடி எழுந்தது.

ஹங்கேரி வயலின் தொடங்கியதும் அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் பழக்கம் லேசில் விடுமா?

"சிம்மேந்திர மத்யமம்..."

வயலின் நின்றது. தூரத்தில் கடல் மட்டும் கேட்டது.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னம்மா இது? நெஞ்சு கரையற நேரமாப் பாத்து வெடுக்குனு பிடுங்கிடறேளே! ஒரு பாட்டையாவது முடிய விடப்படாதா?"

"வலிக்குதா அய்யா?"

"வலிக்காதா பின்னே?"

ஜுலேகா மாலித் தட்டை மறுபடி எடுத்தாள். தூசியைத் துடைத்தபடியே கேட்டாள்.

"உங்க மருமக பாடுன பாட்டு எப்படி முடியும் அய்யா?"

பஞ்சாபகேசன் தொடைமேல் இருந்த கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஜுலேகா முள்ளை இறக்கினாள். இந்தத் தடவை அவர் ராகத்தின் பேரைச் சொல்லவில்லை; பாட்டு முடியும்வரை கேட்டார்.