ஒரு வௌவாலுக்கு மட்டும்

கல்லாற்றின் குறுக்கே கரை கட்டத் தொடங்கி இரண்டாம் வருஷம் அது. வேலையை நடத்தியவன் சேந்தன். மலையடிவாரத்தில் தனியே இருந்த உலகம்மையிடம் பத்து வருஷமாகப் பாடம் கேட்டுவந்த சீடன். அம்மைக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தலைகூட ஒன்றாகத்தான் நரைத்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் கரையின் நடுவில் தண்ணீர் போக விட்ட நடுவாயை அடைத்தாக வேண்டும். அடைக்காவிட்டால் வெள்ளம் கட்டினதையும் கொண்டுபோய்விடும். ஊரில் நடவு கிடையாது. நடுவாயோ இன்னும் திறந்தே கிடந்தது.

காரணம், சேந்தன் கையில் இருந்த சங்கு. வெள்ளம் வந்தால் ஆட்களை மேட்டுக்கு அனுப்ப அதை ஊதுவது வழக்கம். அவன் மலை இருட்டினாலே ஊதினான். தூரத்தில் இடி உறுமினாலும் ஊதினான். ஆட்கள் கூடையைப் போட்டுவிட்டு மேடேறுவார்கள். வெள்ளம் வராது. திரும்பி வருவதற்குள் திமிசு போட்டு இறுக்காத ஈரமண் காய்ந்து பொருக்குத்தட்டிவிடும். பொருக்கின்மேல் புதுமண் ஒட்டாது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

மண் சுமந்த பெண்கள், இனிமேல் மேட்டிலேயே அடுப்பு மூட்டிக்கொள்கிறோம், முழங்காலாவது மிஞ்சும் என்றார்கள். சேந்தனுக்கு மேகம் மாமன் முறை, அதனால்தான் கண்டதும் ஊதி வரவேற்கிறான் என்றாள் ஒருத்தி. ஒரு நாள் சங்கு ஊதியபோது பாதிப் பேர் அசையவே இல்லை.

அன்று அந்தியில் சேந்தன் அம்மையிடம் போனான். போன வருஷ வெள்ளத்தில் மைத்துனன் வீரபாகு போனதை அம்மைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊதாமல் விட்டு இன்னோர் உயிர் போனால் தாங்கமாட்டேன் என்றான். ஊதினால் கரை உயரமாட்டேன் என்கிறது. நான் எதைச் செய்ய?

அம்மை விளக்கை ஏற்றி வாசல் கல்லின்மேல் வைத்தார். பூச்சிகள் வந்தன. பின்னாலேயே வௌவால்கள்.

ஓர் அந்துப்பூச்சி, வௌவால் வேலிக்கு அப்பால் வரும்போதே சிறகை மடக்கிப் புல்லில் விழுந்தது. எழுந்து பறந்தது. தூரத்தில் இன்னொரு வௌவால். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை விழுந்த இடத்தில் தேரை இருந்தது.

"அங்க பாரு," என்றார் அம்மை.

காட்டுச் சுவர்க்கோழிப் பூச்சி ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், விளக்கைத் தாண்டி முருங்கையைப் பார்த்துப் பறந்தது. ஒரு வௌவால் கடந்தது. சுவர்க்கோழி வழி மாறவில்லை. அடுத்தது இன்னும் கிட்டே வந்தது. மாறவில்லை. மூன்றாவது நேராக அதன்மேல் பாய்ந்தது.

சுவர்க்கோழி சிறகை மூடியது. கல் மாதிரி ஒரு சாண் இறங்கியது. வௌவால் மேலே போய்விட்டது. சிறகு விரிந்தது. முருங்கைக் கிளையில் போய் உட்கார்ந்தது.

"முதல் ரெண்டும் அதுக்குக் கேக்கலையா அம்மா?"

"கேட்டுச்சு. அதுக்குக் காது கால்ல இருக்கு. ஆனா நம்ம காதைவிட நல்ல காது."

"பயப்படலையா?"

"பயந்துச்சு. ஒரே ஒரு வௌவாலுக்கு."

சேந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மை கேட்டார்:

"போன வருஷம் வெள்ளத்துக்கு முன்னால என்ன கேட்டுச்சு?"

"மேலாத்துல பாறை உருண்டுச்சு."

"மேடேற நேரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஊதினேன். எல்லாரும் ஏறினாங்க. வீரபாகு ஏறலை."

"அன்னைக்கு அது எத்தனாவது ஊதல்?"

சேந்தன் விரல்விட்டு எண்ணினான்.

"நாலாவது," என்றான். "முதல் மூணுக்கும் அவன்தான் எல்லாருக்கும் முன்னால ஏறினான்."

சேந்தன் முகத்தைத் துடைத்தான். எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான்.

"நாளைக்கு மலை இருட்டினா?"

"மண்ணு காயறதுக்குள்ள திமிசு போடு."

"பாறை உருண்டா?"

"ஊது. அன்னைக்கு எல்லாரும் ஏறுவாங்க."