வலது பக்கக் கட்டம்

கல்வியியல் படிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. பாடக்குறிப்பின் இடது கட்டத்தில் ஆசிரியரின் கேள்வியை எழுத வேண்டும்; வலது கட்டத்தில் மாணவரின் பதிலை. அந்தப் பதிலையும் முந்தின நாளே ஆசிரியர்தான் எழுதுவார். வகுப்பில் பிள்ளைகள் எழுந்து அதைச் சொன்னால் போதும்.

தமயந்தி அப்படி நாற்பது பாடக்குறிப்பு எழுதி, பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாகத் தேறியவள். வேலையில் சேர்ந்த எட்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் பேராசிரியர் ரெஜினாவின் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஒரு பிள்ளையை அடிச்சிட்டேன் மேடம்.”

“எதுக்கு?”

“வெள்ளிக்கிழமை அதிகாரி ஆய்வுக்கு வந்திருந்தார். மழை எங்கேருந்து வருதுன்னு கேட்டேன். மேகத்துலேருந்துன்னு சொல்லணும். இந்தக் காளீஸ்வரி எழுந்து, எங்க வீட்டுக் கூரையிலேருந்து டீச்சர்ங்கிறா. வகுப்பே சிரிச்சுது. கிண்டல் பண்றான்னு நினைச்சு அறைஞ்சிட்டேன்.”

“கிண்டலா?”

“இல்ல மேடம். சாயங்காலம் அவ வீட்டுப் பக்கம் போனேன். கூரையே பாதி இல்ல.”

ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது என்றாள்.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க. என்னத்தை மேடம் படிச்சேன் நான்?”

ரெஜினா ஒரு தாளை நீட்டினார்.

“நாளைக்கு அவகிட்ட என்ன சொல்லப்போற? எழுது.”

தமயந்தி நின்றபடியே மேசைமேல் குனிந்தாள். பழகிய கை, தாளின் நடுவில் தானாகவே கோடு போட்டது. இடது பக்கம், ‘தப்பு என்மேலதான் காளீஸ்வரி. என்னை மன்னிச்சிடு’ என்று எழுதினாள். வலது பக்கம், ‘பரவாயில்லை டீச்சர்.’

வாசித்ததும் ரெஜினாவின் முகம் சுருங்கியது.

“இப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தவ நான்தான்.”

கோட்டோடு தாளைக் கிழித்தார். வலது பாதியைத் தானே வைத்துக்கொண்டு, இடது பாதியை அவளிடம் கொடுத்தார்.

தமயந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவ ஒண்ணுமே சொல்லலைன்னா, மேடம்?”

“அவ முன்னாலேயே நில்லு.”

“எவ்வளவு நேரம்?”

“மணி அடிக்கிற வரைக்கும்.”

“அப்பவும் சொல்லலைன்னா?”

“செவ்வாய்க்கிழமையும் பள்ளிக்கூடம் உண்டுதானே?”