காதுக்குள் இரண்டு துளி கடல்

மனிதர்கள் இன்னும் நிமிராத அந்தக் காலத்தில் கடலுக்கும் வாய் இருந்தது, நண்டுக்கும் வாய் இருந்தது. எல்லாரும் எல்லாரோடும் பேசினார்கள். மனிதர்கள் மட்டும் நான்கு காலில் நடந்ததால் முகம் எப்போதும் தரையைப் பார்த்தே இருந்தது. மண்ணும் எறும்பும் அவர்களுக்குத் தெரியும். வானத்தை மல்லாந்து படுக்கும்போதுதான் பார்த்தார்கள். பார்த்த கையோடு தூங்கிப்போனார்கள்.

கடற்கரையில் கோடன் என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி அலவி. ஒருநாள் கடல் பொங்கிக் கரையேறியது. ஊரே மேட்டுக்கு ஓடியது. கோடனும் தன் மகனை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடினான். மேட்டை அடைந்தபோது முதுகு வெறுமையாக இருந்தது. பிள்ளை எங்கே நழுவினான், எப்போது நழுவினான் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு மகள் பிறந்தாள். சிப்பி என்று பெயரிட்டார்கள்.

"முதுகில் வைத்தாய், போயிற்று. இவளை எங்கே வைக்கப்போகிறாய்?" என்று கேட்டாள் அலவி.

கோடன் தன் முன்னங்கால் இரண்டையும் வெகுநேரம் பார்த்தான். இவை கால்களாக இல்லாதிருந்தால் அன்று மகனை அணைத்துப் பிடித்திருக்கலாமே. மறுநாளிலிருந்து நிமிர்ந்து நிற்கப் பார்த்தான். நின்றான், விழுந்தான். மறுபடி நின்றான், மறுபடி விழுந்தான்.

ஈர மணலில் நண்டுகள் கூடி வேடிக்கை பார்த்தன. "ஏ கோடா, நாங்கள் விழுந்து பார்த்திருக்கிறாயா?" என்றது ஒரு நண்டு.

"அத்தனை காலை ஊன்றிக்கொண்டு விழாமலிருப்பது ஒரு சாமர்த்தியமா?" என்றான் கோடன். சொல்லி முடிக்குமுன் மறுபடி விழுந்தான்.

விழுந்த இடத்திலிருந்தே கடலைக் கேட்டான். "அம்மா, நீ இவ்வளவு ஆடுகிறாய். ஆனால் ஒருநாளும் கவிழ்ந்து போனதில்லை. எப்படி?"

"எனக்கு என் மட்டம் தெரியும்," என்றது கடல். "எவ்வளவு ஆடினாலும் அங்கே திரும்பிவிடுவேன். என் ஒவ்வொரு துளிக்கும் அது தெரியும். உனக்கு எதற்கு?"

"பிள்ளையைத் தூக்க இரண்டு கை வேண்டும்."

கடல் அடங்கிப்போனது. ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டது அதற்கு நினைவிருந்ததோ என்னவோ. "காதை மணலில் வை," என்றது.

வைத்தான். சிறு அலையொன்று வந்து காதுக்குள் ஒரு துளியை விட்டுப் போனது. மறுகாதையும் வைத்தான். அங்கும் ஒரு துளி.

"என் பிள்ளைகளை உன்னிடம் வளர்க்கக் கொடுத்திருக்கிறேன்," என்றது கடல். "கரையில் இருக்கும்வரை உன் சொல் கேட்பார்கள். என் மேல் மட்டும் ஏறாதே. ஏறினால் அவர்கள் என்னைத் தேடுவார்கள். நீ தாங்கமாட்டாய்."

கோடன் எழுந்தான். முழங்கால் நடுங்கியது, முதுகு வளைந்தது, பிறகு நேரானது. விழவில்லை. நண்டுகள் வளைக்குள் ஓடிவிட்டன. ஊர் முழுவதும் வந்து ஈர மணலில் காது வைத்தது. அலவி எழுந்து நின்று மகளை வாரி எடுத்தாள். இடுப்பு என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால் பழக்கம் எளிதில் போகுமா? நிமிர்ந்து நடந்தபோதும் அவர்கள் தரையையே பார்த்து நடந்தார்கள். பயம் வந்துவிட்டால் பொத்தென்று நான்கு காலில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். கடல்மேல் யாரும் போகவில்லை.

சிப்பி வளர்ந்தாள். ஒருநாள் நீர் வற்றியிருந்த நேரத்தில் மட்டி பொறுக்கிக்கொண்டே தூரத்து மணல்திட்டுவரை போய்விட்டாள். அவள் நிமிர்ந்தபோது பின்னால் நீர் திரும்பியிருந்தது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே கடல்.

"அப்பா!" என்ற குரல் நீரைத் தாண்டி வந்தது.

ஊர் கூடியது. "ஏறாதே என்று சொல்லியிருக்கிறதே," என்றார்கள். அலவி கோடனின் கைகளைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் ஒரு மரக்கட்டையைத் தள்ளிக்கொண்டு போய் அதன் முனையில் ஏறினான்.

அலை வந்தது. முனை எழும்பியது, விழுந்தது. காதுக்குள் இருந்த துளிகள் துள்ளின. தலை சுற்றியது. வாயில் உப்பு ஊறியது. நெற்றி சில்லிட்டு வேர்த்தது. பழைய புத்திப்படி கோடன் நான்கு காலில் விழுந்து, கட்டையில் முகத்தைப் புதைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டான். வயிறு புரண்டது. காலையில் வயிறுமுட்டத் தின்ற மீன் கடலுக்கே திரும்பிப் போனது. பிறகு தின்னாததும் போனது.

ஒரு கிழ ஆமை பக்கத்தில் தலை நீட்டியது. "என்ன தம்பி, கட்டைக்குள் எதைத் தேடுகிறாய்?"

"தரையை," என்று முனகினான் கோடன்.

"நல்ல இடத்தில் தேடினாய் போ! முனையில் ஏன் தொங்குகிறாய்? நடுவுக்கு வா, ஆட்டம் குறையும்."

ஊர்ந்து நடுவுக்கு வந்தான். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. காதுக்குள் துளிகளின் துள்ளல் குறையவில்லை.

"இந்தத் துளிகள் என்னைக் கொன்றுவிடும்," என்றான்.

"அப்படியானால் தலையைச் சாய்த்துக் கொட்டிவிடேன். இறங்கிவிட்டால் சுகம்."

சுகம்தான். கோடன் தலையைச் சாய்த்தான். கொட்டிவிட்டால் இந்தக் குமட்டல் தீரும். ஆனால் கை மறுபடி காலாகிவிடும். திட்டில் நிற்பவளை எதில் ஏற்றுவது? மறுபடி முதுகிலா?

சாய்த்த தலையோடு அவன் உறைந்திருந்தபோது தூரத்திலிருந்து "அப்பா!" என்று கேட்டது. அதே நேரத்தில் காதுக்குள்ளும் ஓர் அழுகை கேட்டது. இரண்டும் ஒரே அழுகை. எது வெளியே, எது உள்ளே என்று அவனால் பிரிக்க முடியவில்லை.

'அவள் என்னைத் தேடுகிறாள். இவர்கள் யாரைத் தேடுகிறார்கள்?'

அவன் வெட்கப்பட்டான். தாயின் மடிமேல் இருக்கும் பிள்ளைகளை அவளைப் பார்க்கவிடாமல் மரக்கட்டையில் அழுத்திவைத்து, அழாதே அழாதே என்று அதட்டிக்கொண்டிருந்தது அவன்தானே. மெல்லத் தலையை நிமிர்த்தினான். கண்ணைத் திறந்தான். கட்டையைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை. எட்டும்வரை தூரத்தைப் பார்த்தான்.

அங்கே ஒரு கோடு இருந்தது.

எந்த மனிதனும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. வானம் முழுவதும் இறங்கி வந்து, கடல் முழுவதும் ஏறிப் போய், இரண்டும் தொட்ட இடம். இந்தக் கண்ணின் ஓரத்தில் தொடங்கி அந்தக் கண்ணின் ஓரத்தையும் தாண்டிப் போனது. கட்டை ஆடியது, அலை ஆடியது, ஆமை ஆடியது, அவனும் ஆடினான். அது மட்டும் ஆடவில்லை. அத்தனை ஆட்டத்தையும் தனக்குள் வைத்துக்கொண்டு அது அசையாமல் இருந்தது.

கோடன் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 'என் மகன் கடல் அம்மாவிடம். அவள் பிள்ளைகள் என்னிடம்.' இத்தனை பெரியவள் தன்னை நம்பி இரண்டு துளியைக் கொடுத்தாளா? எதற்காக?

"அதோ உங்கள் அம்மா," என்றான் துளிகளிடம்.

அவை பார்த்தன. அழுகை விம்மலானது, விம்மல் அடங்கியது. கோடனின் வயிறும் அடங்கியது. முகத்தில் காற்று பட்டது.

"பரவாயில்லையே!" என்று சொல்லி ஆமை மூழ்கியது.

கைகளால் நீரைத் தள்ளித் தள்ளித் திட்டை அடைந்தான். சிப்பி மார்பளவு நீரில் நின்றாள். இரண்டு கையாலும் அவளை வாரி எடுத்துக் கட்டையின் நடுவில் உட்காரவைத்தான். கொஞ்ச தூரம் வந்ததும் அவள் முகம் வெளுத்தது.

"அப்பா, வயிற்றை என்னமோ பண்ணுது."

"கீழே பார்க்காதே கண்ணு. அதோ அங்கே பார். அந்தக் கோடு ஆடுகிறதா?"

"இல்லை."

"அதையே பார்த்துக்கொண்டு வா."

கரையில் இறங்கியதும் கோடன் தள்ளாடினான். அலவி மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அழுதபடியே சிரித்தாள். "தரை ஆடுகிறதா, நீ ஆடுகிறாயா?"

"இரண்டுமில்லை. அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் இன்னும் ஆடுகிறார்கள்," என்றான் கோடன்.

கரை மனிதன் முதன்முதலாகக் கப்பலேறினால் தலை சுற்றிக் குமட்டுவதும், எத்தனை பெரிய கப்பலானாலும் அவன் மேல்தளத்துக்கு வந்து கடலும் வானமும் தொடும் கோட்டைக் கண்ணால் பற்றிக்கொண்டு நிற்பதும், கரையேறிய பின்னும் தரை கொஞ்சநேரம் அசைவதும் அன்று முதல்தான். கடலையே பார்க்காதவர்கள்கூட இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டால், உள்ளே எங்கோ கடல் இரைவது கேட்கும்.