கட்டுமரத்தில் கைதி யார்?

நாகப்பட்டினத்துக் கடலில் இங்கிலீஷ்காரர் கப்பல்களும் பிரெஞ்சுக்காரர் கப்பல்களும் வரிசை கட்டி நின்று பீரங்கியால் பேசிக்கொண்ட காலம். யார் ஜெயித்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு பேருமே தாங்கள்தான் என்றார்கள். நம் கதை அஞ்சாப்புலியைப் பற்றியது. தரங்கம்பாடியில், டேனிஷ்காரர் கோட்டையடியில் மீன் விற்றுப் பிழைக்கிறவன்.

புகை கலைந்த பிற்பகலில் தனியாகக் கட்டுமரத்தில் வந்தவன், முறிந்த பாய்மரம் ஒன்று மிதப்பதைக் கண்டான். அதில் இரண்டு மாலுமிகள். இங்கிலீஷ்காரன் இடுப்பை மரத்தோடு கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்தில் பிரெஞ்சுக்காரன் தொற்றிக்கொண்டிருந்தான். தினமும் கட்டுமரம் கட்டி அவிழ்க்கிறவனுக்கு முதலில் முடிச்சுதானே கண்ணில் படும்! ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு. அதன் நுனி இங்கிலீஷ்காரன் கைக்குள்ளேயே இருந்தது.

இருவரையும் ஏற்றிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். தெம்பு வந்ததும் சண்டையும் வந்துவிட்டது, பாருங்கள். கப்பல் சரக்கு இறக்கிய பழக்கத்தில் இரண்டு பாஷையும் அஞ்சாப்புலிக்கு அரைகுறையாகப் புரியும். மரத்தை முதலில் பிடித்தவன் நான், பிறகு ஏறியவன் என் கைதி, தெற்கே எங்கள் நாகப்பட்டினத்துக்கு விடு என்றான் இங்கிலீஷ்காரன். அவனைக் கட்டியது நான், அவன்தான் என் கைதி, வடக்கே எங்கள் கடலூருக்கு விடு என்றான் பிரெஞ்சுக்காரன்.

அஞ்சாப்புலி தெற்கேயும் பார்த்தான், வடக்கேயும் பார்த்தான். ஒருவன் பிடித்ததில் அடுத்தவன் தலையிடக் கூடாது என்பது குப்பத்துக் கட்டுப்பாடு. கடலில் எடுத்த உயிரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் அதே குப்பத்துக் கட்டுப்பாடுதான். மீறினால் அவன் மரத்தைக் கடலில் இறக்க ஒருவரும் தோள் கொடுக்க மாட்டார்கள், பிழைப்பே போய்விடும்.

இங்கிலீஷ்காரன் இடுப்புக் கயிற்றை மறுபடி பார்த்தவன் சிரித்தான். ஒருவனிடம் துடுப்பையும், மற்றவனிடம் துடுப்புக்குப் பதிலாக ஒரு பலகையையும் நீட்டினான்.

"இது என் மரம். ரெண்டு பேரும் துடுப்புப் போடுங்கடா" என்றான்.

இதில் யார் யாருக்குக் கைதி? எந்தக் கரைக்குப் போவது சரி?

விடை: யாரும் யாருக்கும் கைதி இல்லை. கைதியைக் கட்டுகிறவன் முடிச்சின் நுனியை அவனிடமே கொடுப்பானா? இங்கிலீஷ்காரன் ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்தான். பிரெஞ்சுக்காரன் அவன் மூழ்காமல் கட்டிவைத்தான். எதிரியைக் காப்பாற்றினேன் என்று கரைக்குப் போய் வெளியே சொல்ல முடியாதே, அதனால்தான் இந்த வீம்பு. எனவே உயிரைக் காட்டிக்கொடுக்காத கரைதான் சரி. யாரோடும் சண்டையில்லாத டேனிஷ்காரன் கொடி பறந்த தரங்கம்பாடிக்கே அஞ்சாப்புலி போனான். மூவரும் கருவாட்டைக் கடித்துக்கொண்டு வயிறு நிறையக் கஞ்சி குடித்தார்கள். பிறகு ஒருவன் தெற்கே போனான், ஒருவன் வடக்கே போனான். பிரெஞ்சுக்காரன் கட்டிவிட்ட அந்தக் கயிற்றை மட்டும் இங்கிலீஷ்காரன் திருப்பித் தரவில்லை.